சிறு பதிப்பகத்துக்குச் சொந்தமாக ஓர் இணையதளம்

தமிழில் ஒரு நூல் இன்று அச்சில் இருக்கிறதா என்ற எளிய கேள்விக்கு விடை காண்பது எளிதாக இல்லை. எழுத்தாளர் பெயர் தெரியும். பதிப்பகத்தின் பெயரும் தெரியும். பத்தாண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழில் வந்த மதிப்புரைகூட மங்கலாக நினைவிருக்கும். ஆனால் அந்த நூல் எத்தனை பக்கம், என்ன விலை, மறுபதிப்பு வந்ததா, யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்பவற்றில் ஒன்றையேனும் உறுதியாகச் சொல்லும் இடம் கிடையாது. தேடுபொறியில் தட்டினால், ஏதோ ஓர் இணைய அங்காடியில் மங்கிய அட்டைப்படமும் 'இருப்பில் இல்லை' என்ற வாசகமும் வந்து நிற்கின்றன. அந்த அங்காடியில் இல்லையா, உலகத்திலேயே இல்லையா என்பது நமக்கு விளங்குவதில்லை. பதிப்பாளரோ முகநூலில் இருக்கிறார். அவருடைய பக்கத்தில் சென்ற வாரத்து வெளியீட்டு விழாவின் புகைப்படங்கள் இருக்கின்றன, பொன்னாடைகள் இருக்கின்றன, நூற்பட்டியல் மட்டும் இல்லை.

சிறு வணிகர் ஒவ்வொருவரும் சொந்தமாக ஓர் இணையதளம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்களை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். கடை நாள் முழுதும் திறந்திருக்கும், விளம்பரச் செலவு குறையும், வாடிக்கையாளர் பெருகுவர் என்றெல்லாம் சொல்வார்கள். தையற்கடைக்கும் ஊறுகாய் செய்து விற்பவருக்கும் அவை பொருந்தலாம். பதிப்பகம் என்னும் சிறு வணிகத்துக்கோ இணையதளம் வேறொரு காரணத்துக்காகத் தேவைப்படுகிறது என்பது என் எண்ணம். நூல் கெட்டுப்போகாத சரக்கு. ஆனால் எளிதில் மறக்கப்பட்டுவிடும் சரக்கு. அதை மறதியிலிருந்து காக்கும் செலவு குறைந்த வழி, பதிப்பாளரின் சொந்த முகவரியில் நிலைத்து நிற்கும் ஒரு பட்டியல்தான்.

ஒரு சிறு பதிப்பகம் ஒரு சிறுகதைத் தொகுப்பை 300 பிரதிகள் அச்சிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் 100 பிரதிகள் விற்றால் அது நல்ல ஆண்டு. நண்பர்களுக்கென்று ஆசிரியர் ஒரு 50 வாங்கிக்கொள்வார். நூலக ஆணை வந்தால் மூச்சுவிடலாம். அதை நம்பிப் பதிப்பகம் நடத்த முடியாது என்பது அத்தொழிலில் இருப்போர் அனைவரும் அறிந்தது. எஞ்சிய 150 பிரதிகள் கட்டுப் பிரிக்கப்படாமல் பரணுக்கோ கட்டிலுக்கடியிலோ போகின்றன. அவற்றுக்கு வாசகர் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். உண்மையில் அந்த 150 பேரும் இருக்கிறார்கள். ஒரே நாளில், ஒரே ஊரில், ஒரே பந்தலின் கீழ் அவர்கள் இல்லை, அவ்வளவுதான். ஒருவர் இரண்டாண்டு கழித்துத் திருநெல்வேலியில் ஆய்வேட்டுக்காக அந்தத் தொகுப்பைத் தேடுவார். வேறொருவர் டொராண்டோவில் அதே ஆசிரியரின் கதையொன்றை யாரோ பகிரப் படித்துவிட்டு மற்றக் கதைகளைத் தேடுவார். இன்னொருவருக்கு இன்னும் வாசிக்கும் வயதே வரவில்லை. இப்படி ஆண்டுக்குப் பத்தும் பன்னிரண்டுமாகச் சிதறி வருகிற வாசகரைச் சந்திக்கக் கடைத்தட்டால் இயலாது. கடைக்காரருக்கு அந்த இடத்தில் அடுத்த மாதத்து நூலை வைத்தாக வேண்டும். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். விற்பனையாளருக்கு 30 முதல் 40 விழுக்காடு வரை கழிவு தருவது வழக்கம். 200 ரூபாய் நூலொன்றில் 60 முதல் 80 ரூபாய் அங்கே போகிறது. நேரடியாக வாசகருக்கு விற்றால் அத்தொகை பதிப்பகத்திலேயே தங்கும். சொந்தத் தளப்பெயர் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் செலவாகும். ஆண்டு முழுவதும் 20 பிரதிகளைத் தளத்தின் வழியே விற்றால் அது ஈடாகிவிடும். பணவிடைக்கும் வி.பி.பி.க்கும் காத்துக்கிடந்த காலம் போய்விட்டது. 2016இல் வந்த யு.பி.ஐ. முறை, வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எவரையும் பணம் பெறத்தக்க வணிகராக்கிவிட்டது. ஆகவே பணம் வாங்குவதற்கென்று பெரிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை.

'முகநூலில் ஒரு குறிப்பு போட்டால் ஒரே நாளில் நாற்பது பிரதிக்கு ஆர்டர் வருகிறது, வாட்ஸப்பில் முகவரி வாங்கிக்கொள்கிறேன், இதற்குமேல் எனக்குத் தளம் எதற்கு?' என்று கேட்கும் பதிப்பாளர்கள் பலர். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. முதல் நாற்பது பிரதிகளை விற்க முகநூலை விஞ்சிய கருவி இப்போது இல்லை என்றே நானும் கருதுகிறேன். என் கவலை நாற்பத்தோராவது வாசகரைப் பற்றியது. அந்தக் குறிப்பு மூன்றாம் நாள் கீழே இறங்கிவிடுகிறது. மூன்றாம் மாதம் பதிப்பாளரே அதைத் தேடி எடுக்க முடிவதில்லை. முகநூலில் கணக்கே இல்லாத வாசகரும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய இடர், இரவல் திண்ணையில் கடை பரப்புவது. திண்ணைக்காரர் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்துதான் ஆகவேண்டும். ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. ஆர்குட் 2014இல் போயிற்று, கூகுள் ப்ளஸ் 2019இல். இணையத் தமிழின் தொடக்க கால இலக்கிய விவாதங்கள் பலவும் நடந்த யாஹூ குழுமங்கள் 2020இல் முற்றிலும் அணைந்தன. அதே ஆண்டு ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தபோது, டிக்டாக் ஒன்றையே நம்பி வாடிக்கையாளரைச் சேர்த்திருந்த சிறு வணிகர்கள் ஓர் இரவில் அவர்களை இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று முகநூலும் வாட்ஸப்பும் இன்ஸ்டகிராமும் ஒருசேர ஏறத்தாழ ஆறு மணிநேரம் முடங்கின. அது ஆறு மணிநேரத்தோடு போயிற்று. பதிப்புத் துறையிலேயே நடந்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. தன் உடைமையாக இருந்த வெஸ்ட்லேண்ட் பதிப்பகத்தை மூடப்போவதாக 2022 பிப்ரவரியில் அமேசான் அறிவித்தது. எழுத்தாளர்களும் வாசகர்களும் பதறிப்போய்ப் பிரதிகளை வாங்கிக் குவித்தார்கள். பின்னர் அதே ஆண்டில் அப்பதிப்பகம் பிரதிலிபியின் துணையோடு மீண்டெழுந்தது நற்பேறு. எல்லாருக்கும் அந்த நற்பேறு வாய்க்கும் என்று எண்ண இயலாது.

இணையதளமும் அழியக்கூடியதுதானே என்று கேட்கலாம். அழியும். ஆனால் தளப்பெயர் நம்முடையதாக இருக்கும்வரை அதன் உள்ளீட்டை ஒரு வழங்கியிலிருந்து வேறொரு வழங்கிக்கு மாற்றிக்கொள்ள முடியும். குடக்கூலி வீட்டை மாற்றினாலும் கதவிலக்கத்தைக் கையோடு கொண்டுபோவது போன்ற வசதி அது. இலவச வலைப்பதிவு ஒன்றில் சொந்தத் தளப்பெயரைப் பூட்டித் தொடங்கினாலும் போதும். நாளை அந்தச் சேவை நின்றுபோனால் பெயரை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். மேலும், திறந்த தளத்தை இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷின் படியெடுத்து வைக்கிறது. உள்நுழைந்தால்தான் தெரியும் சமூகவலைப் பக்கங்கள் பெரும்பாலும் அந்த வலையில் சிக்குவதில்லை.

பழைய நூல்களைக் கையில் எடுப்போருக்கு ஒன்று தெரிந்திருக்கும். கடைசிப் பக்கங்களில் 'எமது பிற வெளியீடுகள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். தலைப்பு, ஆசிரியர், விலை ரூபாய் அணாவில். தமிழ் நூல் வரலாற்றை ஆராய்வோர்க்கு அந்தப் பட்டியல் பல வேளைகளில் நூலைவிட மேலான சான்று. ஒரு பிரதியும் கண்ணில் படாத நூல் ஒன்று இருந்தது என்பதற்கு அதுவே தடயமாகிவிடுவதுண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் நூல்களையும் இதழ்களையும் மட்டும் சேர்க்கவில்லை. பிறர் குப்பையென்று கருதிய துண்டறிக்கைகளையும் திருமண அழைப்பிதழ்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தத் திரட்டை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. காகிதமாக இருந்ததால்தான் ஒரு தனிமனிதரால் அவற்றைக் காக்க முடிந்தது. இன்றைய பதிப்பாளரின் அறிவிப்புகளை எந்த முத்தையா எந்தப் பெட்டியில் எடுத்து வைப்பார்?

சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியதையும், பின்னர்த் தாம் வெளியிட்ட நூல்களை மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றதையும் நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். நினைவுகூர்வது நம் கடமை. ஆனால் அந்த மூட்டையையே இலக்கியப் பதிப்பின் இலட்சணமாக்கிவிட்டோமோ என்று எனக்கு ஐயமுண்டு. தோள் வலிக்காமல் விற்கக்கூடிய வழி இருக்கும்போது அதைக் கைக்கொள்வது 'வணிகத்தனம்' என்று முகஞ்சுளிக்கும் இலக்கியவாதிகளை நான் அறிவேன். பதிப்பாளர் கடன்பட்டு நொடிந்துபோனால் அவரைப் பற்றி உருக்கமான அஞ்சலிக் கட்டுரை எழுதுபவர்களும் அவர்களே.

அப்படியானால் அந்தத் தளத்தில் என்ன இருக்கவேண்டும்? திறந்தவுடன் வீணை இசைப்பதும், எழுத்துகள் பறந்து வந்து அமர்வதும் இரண்டாயிரங்களில் நாம் பார்த்துச் சலித்தவை. பதிப்பாளர் பிரமுகர்களோடு நிற்கும் படத்தொகுப்பும் வேண்டாம். நூலொன்றுக்கு ஒரு பக்கம் என்பது அடிப்படை. அதில் தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பானால் மூலத்தின் பெயரும் மொழிபெயர்ப்பாளர் பெயரும், முதற்பதிப்பு ஆண்டு, இப்போதைய பதிப்பின் ஆண்டு, பக்கம், விலை, ஐ.எஸ்.பி.என். எண் ஆகியவை இருக்கவேண்டும். பொருளடக்கம் முழுமையாக இருக்கவேண்டும் என்பதை அழுத்திச் சொல்வேன். சிறுகதைத் தொகுப்பைத் தேடுவோர் பலரும் தொகுப்பின் பெயரை அறியமாட்டார்கள். ஒரு கதையின் பெயரைத்தான் அறிவார்கள். முதற்கதையையோ முன்னுரையையோ படிக்கத் தரலாம். விற்றுத் தீர்ந்த நூலின் பக்கத்தை நீக்கவே கூடாது. 'பிரதிகள் இல்லை' என்று எழுதி, மறுபதிப்பு வேண்டுவோர் பெயர் பதிந்துவைக்க ஒரு வழி செய்யலாம். 60 பேர் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால், வேண்டும் அளவுக்கு மட்டும் அச்சிடும் இன்றைய முறையில் மறுபதிப்பைத் துணிந்து போடலாம். வேறு எந்த வழியிலும் பதிப்பாளருக்குக் கிட்டாத செய்தி அது.

எழுத்துருச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எண்ணுகிறோம். பதிப்பகங்களின் மேசையில் அது தீரவில்லை. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தளத்துக்கு ஓர் எழுத்துரு என்று இருந்ததால் ஒரு தளத்தின் தமிழ் இன்னொரு கணினியில் கிறுக்கலாய்த் தெரிந்தது. யூனிகோட் பரவிய பின் அந்த நிலை மாறியது. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றது. ஆயினும் நூல்களைப் பக்கமாக்குவோர் பலர் இன்னும் பழைய எழுத்துருக்களிலேயே வேலை செய்கின்றனர். அக்கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் தளத்தில் குப்பைதான் விழும். அதற்கு அஞ்சிப் பலர் பட்டியலை முழுப் படமாகப் போட்டுவிடுகிறார்கள். படத்தில் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி ஒழுங்காகப் படிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, பயன்படுத்த வேண்டியதுதான். கூடவே தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ரோமன் எழுத்திலும் ஒரு வரி எழுதிவைப்பது நல்லது. தமிழை நன்றாகப் படிப்போரும் தேடும்போது ஆங்கில விசைகளையே தட்டுகிறார்கள். வருத்தமான பழக்கம்தான், என்றாலும் வாசகர் அங்கேதான் நிற்கிறார்.

அஞ்சல் செலவையும் தளத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடவேண்டும். 2024 டிசம்பரில் அஞ்சல்துறை பதிவு நூல் அஞ்சலை முன்னறிவிப்பின்றி நிறுத்தியபோது சிறு பதிப்பகங்களுக்கு விழுந்த அடி சாதாரணமானதன்று. 150 ரூபாய் நூலை அனுப்பும் செலவு சட்டென்று உயர்ந்துவிட்டது. 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்ற புதிய சேவை வந்தது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி என்று கட்டணம் வைத்தார்கள். இத்தகைய மாற்றங்களை ஒவ்வொரு வாசகருக்கும் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருப்பதைவிட, நூலின் எடையையும் அனுப்பும் செலவையும் ஒரே இடத்தில் எழுதி அவ்வப்போது திருத்துவது எளிது.

இன்னொன்று உண்டு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். தமிழின் சிறு பதிப்பகங்களில் பல, ஒரு மனிதரின் பிடிவாதத்தால் நடப்பவை. அவர் நோயுற்றால் தளப்பெயரைப் புதுப்பிக்க ஆளில்லை. கெடு தவறிய பெயரை யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். நேற்றுவரை கவிதை நூல்கள் இருந்த முகவரியில் இன்று சூதாட்ட விளம்பரம். எனவே தளப்பெயரைத் தளம் வடிவமைத்துக் கொடுத்த இளைஞரின் பெயரில் பதியாமல் பதிப்பகத்தின் பெயரில் பதிந்து, கடவுச்சொல்லை வீட்டில் ஒருவருக்கும் நம்பிக்கையான நண்பர் ஒருவருக்கும் சொல்லிவைப்பது அவசியம். ஐந்தாண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிடுவது இன்னும் நல்லது.

முதல் நாளே பணம் செலுத்தும் வசதியோடு முழுத்தளம் எழுப்பவேண்டும் என்பதில்லை. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பக்கம், விலை ஆகிய ஐந்தும் பதிப்பாளரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அச்சகத்துக்கு அனுப்பிய கோப்புகளிலும் பழைய விலைப்பட்டியல்களிலும் சிதறிக் கிடக்கின்றன. இதுவரை 40 நூல்கள் வெளியிட்டிருந்தால் 40 வரிகள், கீழே ஒரு தொலைபேசி எண். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலின் வேலை.