சீவல் தொழிலாளரின் அறிவு ஏடேற வேண்டும்

புதுக்கடை நீதிமன்றத் தொகுதிக்கு மதுவரி வழக்குகள் புதியவையல்ல. கைப்பற்றப்பட்ட கசிப்பு எத்தனை லீட்டர், கோடா எத்தனை லீட்டர், தண்டப்பணம் எவ்வளவு என்பன ஏடுகளில் பதிவாகின்றன. மது தயாரிப்பைப் பற்றி இந்நாட்டில் ஒழுங்காக எழுதிவைக்கப்படுவது பெரும்பாலும் இந்தக் கணக்கு மட்டுந்தான். 2022 பொருளாதார நெருக்கடியை அடுத்து மதுவரி பலமுறை உயர்த்தப்பட்டதும், எளிய உழைப்பாளிகள் பலர் கசிப்பின் பக்கம் திரும்பியதும் யாவரும் அறிந்ததே.

புளிக்கவைத்துப் பெறும் கள் வேறு. வடித்தெடுக்கும் கசிப்பு வேறு. எனினும் வருமானத்தையே குறியாகக் கொண்டிருந்த குடியேற்றவாத அரசு 1912இல் இயற்றிய மதுவரிக் கட்டளைச்சட்டம், அனுமதிப்பத்திரமின்றிச் செய்யப்படும் இரண்டையுமே குற்றமாக்கியது. அச்சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது.

பிரித்தானியாவில் வீட்டில் பியர் காய்ச்சுவதற்கான அனுமதிப்பத்திரம் 1963இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜனாதிபதி காட்டர் 1978இல் அதற்கு இடமளிக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டார். அதே ஆண்டில் அங்கு வீட்டுப் பியர் தயாரிப்போரின் சங்கமும் தோன்றியது. எந்த வெப்பநிலையில் நொதி நன்கு வேலை செய்கிறது, பாத்திரம் சுத்தமில்லாவிடின் என்ன நேர்கிறது என்பவற்றையெல்லாம் சாதாரண மக்கள் எழுதிப் பகிர்ந்தார்கள். தோல்வியையும் மறைக்காமல் எழுதினார்கள் என்பதே அதன் சிறப்பு.

நமது பனை அபிவிருத்திச் சபை உருவானதும் அதே 1978இல்தான். கைதடியில் அதன் ஆராய்ச்சி நிலையமும் இயங்குகின்றது. ஆனால் ஆய்வுகூடத்தில் அறியப்படுவது ஒரு பாதிதான். மறுபாதி மரமேறுபவரிடம் இருக்கின்றது. எந்தப் பாளை பதமானது, அதை எவ்வளவு தட்டுவது, எத்தனை மெல்லியதாகச் சீவுவது என்பதை அவரது கை அறியும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் புளிப்புத் தடைப்பட்டுக் கருப்பணி கிடைக்கும், அதுவே பனங்கட்டியாகும். பூசாவிடில் காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதி மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிக்கும் கள் நாள் கடந்தால் காடியாகப் புளித்துப்போகும். தெற்கில் கித்துள் சீவுவோர் சுண்ணாம்புக்குப் பதிலாக 'ஹல்' மரப்பட்டையை இடுகின்றார்கள். இவ்விரு மரபுகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட சீவல் தொழிலாளர் எத்தனை பேர்?

இந்த அறிவு ஏடேறாமைக்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. சாதியின் பெயரால் ஒரு சமூகத்தின் தலையில் தொழிலைச் சுமத்தி, அதனையே இழிவாகவும் பேசியவர்கள் நாம். மகன் மரமேறக்கூடாது என்று தந்தை நினைத்ததில் வியப்பில்லை. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் வெட்டப்பட்டதும், தொழிலாளர் இடம்பெயர்ந்ததும் மிச்சத்தையும் குறைத்தன.

இப்படியொரு தொகுப்பு குடிப்பழக்கத்தை வளர்க்கும் என்பாரும் உளர். கள்ளைப் பற்றி எழுதாதிருந்ததால் கசிப்புக் குறைந்துவிடவில்லையே! தவிரவும் கருப்பணி, பனங்கட்டி, வினாகிரி ஆகிய யாவும் இதே அறிவின் கிளைகள்தாம்.

தவறணை முறையிலிருந்து தொழிலாளரை மீட்கும் நோக்குடன் அமைந்த பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களே இத்தொகுப்பின் உரிமையாளராக இருக்க வேண்டும். ஆராய்ச்சி நிலையம் சோதித்துச் சொல்லலாம். கூறியவரின் அனுமதியின்றி எதுவும் வணிக நிறுவனங்களின் கைக்குப் போகக்கூடாது. தமிழிலும் சிங்களத்திலும் அது வெளிவர வேண்டும். இதற்குப் பெருநிதி தேவையில்லை; அடுத்த சீவல் பருவத்தில், முதிய தொழிலாளி மரத்தைவிட்டு இறங்கிவரும் வேளையில் ஓர் ஒலிப்பதிவுக் கருவியுடன் அங்கு ஒருவர் நின்றால் போதும்.