அண்ணனும் தம்பியும்: இரு யந்திரப் பாவைகளின் ஒப்பீடு

விளையாட்டுச் சாமான்களை இரு வகையாகப் பிரிக்கலாம். சாவி கொடுத்துவிட்டால் தாமே ஓடுவதைப் பார்த்து மகிழ்வதற்கானவை ஒரு வகை. பூட்டியும் பிரித்தும் மீண்டும் பூட்டியும் மகிழ்வதற்கானவை மற்றொரு வகை. முதல் வகையைச் சேர்ந்தவை பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் அலுமாரியின் மூலைக்குப் போய்விடுகின்றன. இரண்டாம் வகையைச் சேர்ந்தவையோ பிள்ளையின் கைக்கும் மூளைக்கும் நெடுநாள் வேலை கொடுக்கின்றன. விலையில் உயர்ந்திருப்பினும் அறிந்த பெற்றோர் அவற்றை நாடுவது இதனாலேயே.

எனினும் இவற்றை வாங்குவோருக்கு ஒரு சங்கடம் உண்டு. சில ஆண்டுகள் செல்லுமுன் அதே சாமானின் புதிய பதிப்பு ஒன்று வெளிவந்துவிடுகின்றது. பிள்ளை புதியதைக் கேட்கின்றது. தந்தை விலையைக் கேட்டுத் திகைக்கின்றார். புதியது உண்மையிலேயே மேலானதா, அன்றிப் பெயரும் நிறமும் மாற்றப்பட்ட பழையதா என்ற ஐயம் எழுகின்றது. இவ்வையத்தைத் தீர்த்துக்கொள்ளும் வழியை இவ்வாரம் ஓர் உதாரணம் கொண்டு ஆராய்வோம்.

டென்மார்க்கு தேசத்து லெகோ நிறுவனத்தார் 1998 ஆம் ஆண்டிலே 'மைண்ட்ஸ்ரோம்ஸ்' என்னும் பெயருடன் ரொபோ கட்டும் பெட்டியொன்றை வெளியிட்டனர். எட்டு ஆண்டுகளின் பின், 2006 ஆம் ஆண்டிலே, அதன் தம்பி பிறந்தான். மூத்தவனின் மூளைக்கு ஆர்.சி.எக்ஸ். என்று பெயர், இளையவனின் மூளைக்கு என்.எக்ஸ்.ரி. என்று பெயர். இரண்டும் இப்பொழுது உற்பத்தியில் இல்லை; பழைய சாமான்களாகவே கைமாறுகின்றன. ஆயினும் ஒரு விளையாட்டுப் பொருள் புதுப்பிக்கப்படும்போது எவை கூடுகின்றன, எவை குறைகின்றன என்பதை இவ்விருவரையும் போலத் தெளிவாகக் காட்டும் சோடி வேறொன்று கிடைப்பது அரிது.

முதலிற் பெயரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். சீமோர் பப்பேர்ட் என்பவர் தென்னாபிரிக்காவிற் பிறந்த கணித அறிஞர். ஜெனீவா நகரிலே, பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயுடன் பணியாற்றியபின், அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தைச் சேர்ந்தார். பிள்ளைகள் கணினிக்குக் கட்டளை இடுவதற்கென 'லோகோ' என்னும் எளிய மொழியை உருவாக்கியவர்களுள் அவர் முதன்மையானவர். அம்மொழியாற் பிள்ளைகள் ஆமை வடிவான சிறு பொறியொன்றை நிலத்தில் ஊரச்செய்து கோடு வரைந்தனர். 1980 ஆம் ஆண்டிலே அவர் எழுதி வெளியிட்ட நூலின் பெயரே பின்னர் இந்த ரொபோப் பெட்டிக்கும் சூட்டப்பட்டது. பிள்ளை செய்த பிழையைக் குற்றமாகக் கொள்ளாது, கண்டுபிடித்துத் திருத்தவேண்டிய ஒரு புதிராகக் கொள்ளல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இதனை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் நலம். இறுதியில் இதற்கே மீள்வோம்.

இனி இரு பெட்டிகளையும் ஒவ்வோர் அங்கமாக எடுத்து ஒப்பிடுவோம்.

மூளை: மூத்தவனின் மூளை மஞ்சள் நிறக் கட்டை ஒன்று. அதனுள்ளே 8 பிட் நுண்செயலியும் 32 கிலோபைற்று நினைவகமும் இருந்தன. இளையவனின் மூளையிலோ 32 பிட் செயலியும், 64 கிலோபைற்று நினைவகமும், மின்சாரம் நீங்கினும் அழியாத 256 கிலோபைற்று நினைவகமும் இருந்தன. இலக்கங்களைக் காட்டிலும் இதனால் வீட்டில் விளைந்த வேறுபாடே கவனிக்கத்தக்கது. இரண்டிற்கும் ஆறு சிறு பற்றரிகள் வேண்டும். மூத்தவனின் பற்றரிகளைக் கழற்றிச் சிறிது நேரம் தாமதித்துவிட்டால், அவன் தன் செய்நிரல்களை மட்டுமன்றி, தன்னை இயக்கும் அடிப்படை மென்பொருளையுமே மறந்துவிடுவான். அதனைக் கணினியிலிருந்து மீண்டும் ஏற்றும் வரையில் பிள்ளை காத்திருத்தல் வேண்டும். தம்பிக்கு அம்மறதி நோய் இல்லை.

செவியும் வாயும்: மூத்தவன் கணினியுடன் பேசுவது செந்நிறக்கீழ்க் கதிர் மூலமாகும். தொலைக்காட்சியைத் தூரத்திலிருந்து இயக்கும் கருவி எவ்வாறு தொழிற்படுகின்றதோ அவ்வாறே இதுவும். கணினியுடன் இணைத்த சிறு கோபுரம் ஒன்றின் எதிரே ரொபோவை வைத்தல் வேண்டும். இடையே பூனை குறுக்கிட்டாலும் பேச்சு அறுந்துவிடும். தம்பிக்கு யூ.எஸ்.பி. வடமும் புளூரூத் எனப்படும் வானொலி இணைப்பும் உண்டு. அடுத்த அறையிலிருந்தும் அவனுக்குக் கட்டளை அனுப்பலாம். அண்ணன் 'பீப்' என்று ஒலியெழுப்ப மட்டுமே வல்லவன். தம்பி பதிவுசெய்த சொற்களையும் ஒலிப்பான். அண்ணனின் சிறு திரையில் சில இலக்கங்களே தோன்றும். தம்பியின் திரையில், அகலவாட்டில் 100, உயரவாட்டில் 64 என அமைந்த புள்ளிகளால், படமும் எழுத்தும் தோன்றும்.

புலன்கள்: மூத்தவனின் பெட்டியிலே தொடுகையை உணரும் கருவிகள் இரண்டும், ஒளியை உணரும் கருவி ஒன்றும் இருந்தன. தம்பியின் பெட்டியில் தொடுகை, ஒளி, ஒலி, தூரம் என நான்கு புலன்கள் வந்தன. இவற்றுள் தூரத்தை அளக்கும் கருவி மிகவும் சுவையானது. வௌவால் இருளிற் பறக்கும்போது செய்வதைப்போல, மனிதர் செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு, 255 சென்ரிமீற்றர் வரையிலான தூரத்தை அது கணிக்கின்றது. அண்ணன் சுவரில் முட்டிய பின்னரே அங்கே சுவர் உண்டென்று அறிவான். தம்பி முட்டுமுன்னரே திரும்பிவிடுவான்.

தசைகள்: இங்கேதான் பெரிய வேறுபாடு அமைந்துள்ளது. மூத்தவனுக்கு இரண்டு மோட்டர்கள். அவை சுழலும், ஆனால் எவ்வளவு சுழன்றன என்பதை அவை அறியா. ரொபோவை வலப்பக்கம் திருப்ப விரும்பும் பிள்ளை, "ஒரு வினாடி சுழல்க" என்று கட்டளையிட்டுப் பார்த்து, போதாவிடின் நேரத்தைச் சிறிது கூட்டி, மிகுந்தால் சிறிது குறைத்து, இவ்வாறு பல தடவை முயன்றே சரியான அளவைக் காணவேண்டும். கண்டபின்னும் நிம்மதி இல்லை. பற்றரி தளர்ந்ததும் அதே ஒரு வினாடியில் ரொபோ குறைவாகத் திரும்பும். தரைவிரிப்பில் ஒருவிதமாகவும் சீமெந்து நிலத்தில் வேறுவிதமாகவும் ஓடும். தம்பிக்கோ மூன்று மோட்டர்கள். ஒவ்வொன்றினுள்ளும் சுழற்சியை ஒரு பாகை வரையிலும் அளக்கும் கருவி உண்டு. "360 பாகை சுழல்க" என்றால் ஒரு முழுச் சுற்று சுற்றி நிற்பான். பற்றரி சற்றுத் தளர்ந்தாலும் அளவு தவறான். இந்நயத்திற்கு விலையாக அவன் மோட்டர்கள் பருத்தும் நீண்டும் போயின. அண்ணனின் சிறு மோட்டரைப் பொருத்திய இடுக்குகளில் அவை நுழையமாட்டா.

எலும்புகள்: மூத்தவனின் பெட்டியில் 700க்கும் மேற்பட்ட துண்டுகள் இருந்தன. அவற்றுள் மேற்புறம் குமிழ்கள் கொண்ட வழக்கமான லெகோக் கட்டைகள் மிகுதி. சிறுபராயம் முதல் வீடும் வண்டியும் கட்டிப் பழகிய பிள்ளை அதே முறையில் ரொபோவையும் கட்டலாம். வீட்டிலிருந்த பழைய கட்டைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். தம்பியின் பெட்டியில் 600க்குச் சற்றுக் குறைந்த துண்டுகளே இருந்தன. அவை குமிழ்கள் அற்ற, துளைகள் மட்டும் உடைய சட்டங்கள். ஆணி போன்ற முளைகளால் அவற்றைப் பூட்டவேண்டும். இவ்வாறு பூட்டிய உடல் உறுதியானது. விழுந்தாலும் எளிதிற் சிதறாது. ஆனால் கட்டுவதற்குமுன் எத்துளையில் எம்முளை என்று பலமுறை எண்ணிப் பார்க்கவேண்டும்.

நரம்புகள்: மூத்தவனின் கம்பி நுனிகளே சிறு லெகோக் கட்டைகளாக அமைந்திருந்தன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். நுனியைத் திருப்பிப் பொருத்தினால் மோட்டர் எதிர்த்திசையிற் சுழலும். மின்னோட்டத்திற்குத் திசை உண்டென்ற உண்மையை எத்தனையோ பிள்ளைகள் இவ்வாறு தம் விரல்களாலேயே கற்றிருப்பர். தம்பியின் கம்பிகள் ஆறு இழைகள் கொண்டவை. தொலைபேசிக் கம்பியை ஒத்த நுனியுடையவை. தவறாகப் பொருத்தவே இயலாது. அண்ணனின் மோட்டர்களையும் உணரிகளையும் தம்பிக்கு நேரே பூட்டவும் முடியாது. அதற்கென மாற்றுக் கம்பியைத் தனியே வாங்கவேண்டும். பழைய பெட்டியைப் பணங்கொடுத்து வாங்கியிருந்தோருக்கு இது மனத்தாங்கலை அளித்திருக்குமென்பதிற் சந்தேகமில்லை.

விலை: அமெரிக்காவில் மூத்தவன் ஏறக்குறைய 200 டொலருக்கும், இளையவன் ஏறக்குறைய 250 டொலருக்கும் விற்கப்பட்டனர்.

ஒப்பீடு இவ்வளவில் முடிந்ததாயின் தம்பியே வென்றான் என்று தீர்ப்பளித்துவிடலாம். ஆனால் சொல்லவேண்டிய செய்தி இன்னுமொன்று உண்டு.

மூத்தவன் கடைக்கு வந்த சில வாரங்களுக்குள்ளேயே, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அவனது மூளையின் இரகசியங்களை ஆராய்ந்தறிந்து உலகுக்கு வெளிப்படுத்தினார். அதனைக் கொண்டு பிறர் புதிய மொழிகளையும், அடிப்படை மென்பொருளையுமே புதிதாக ஆக்கினர். பிள்ளைகளுக்கென வந்த பெட்டியை வளர்ந்தோரும் வாங்கிச் சென்று, நிறுவனத்தார் கனவிலும் காணாத வேலைகளை அதனிடம் வாங்கினர். நிறுவனத்தார் முதலிற் சிந்தனைவயப்பட்டனர். வழக்குத் தொடர்வதா, விட்டுவிடுவதா என்று ஆலோசித்தனர். ஈற்றில் விட்டுவிடுவதே விவேகம் எனக் கண்டனர். அம்மட்டோடும் நில்லாது, தம்பியை வடிவமைத்த காலத்தில் அத்தகைய ஆர்வலர் நால்வரைத் தாமே அழைத்து ஆலோசனை கேட்டனர். 2006 ஆம் ஆண்டில் தம்பியின் அடிப்படை மென்பொருளைத் தாமே வெளிப்படையாக வழங்கினர்.

இதன் பயன் பின்னரே தெரிந்தது. தம்பிக்குப் பின் 2013 இல் மூன்றாமவனும் 2020 இல் நான்காமவனும் பிறந்தனர். 2022 ஆம் ஆண்டின் முடிவோடு இக்குலத்தின் உற்பத்தியையே நிறுத்துவதாக நிறுவனத்தார் அறிவித்தனர். அங்கம் முழுவதும் பழுதின்றி இருந்தாலும், கட்டளை அனுப்பும் மென்பொருள் புதிய கணினியில் இயங்காவிடின் ரொபோ பேச்சிழந்த பிளாஸ்டிக் கட்டையே. மரத்தாற் செய்த பம்பரத்துக்கு இக்கதி இல்லை. பாட்டனின் பம்பரம் பேரன் கையிலும் சுற்றும். கணினியை நம்பியிருக்கும் விளையாட்டுப் பொருளின் ஆயுளோ, அதன் உட்பொருளை அறிந்தவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. மூத்தவனும் இளையவனும் வெளியார் ஆக்கிய மென்பொருள்களின் துணையால், தம்மைப் படைத்தோர் கைவிட்ட பின்னரும் வாழ வழி பெற்றனர்.

ஆகவே இத்தகைய பெட்டியை வாங்க எண்ணும் பெற்றோர் மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. முதலாவது, முன்பு வாங்கிய துண்டுகள் இதனுடன் சேருமா? இரண்டாவது, விற்றவர் கடையை மூடிய பின்னும் இதனை இயக்க வழி உண்டா? மூன்றாவது, என் பிள்ளை இதனாற் பிழை செய்யவும் அப்பிழையைத் தானே கண்டு திருத்தவும் இடமுண்டா?

முதலிரு வினாக்களுக்கும் கடைக்காரரோ அனுபவமுடைய அன்பர்களோ விடை கூறுவர். மூன்றாவதற்கான விடை பெட்டியில் மட்டும் அடங்கியதன்று. தம்பியின் மோட்டர் பாகைக் கணக்கிற் சுழல்வதால், பிள்ளை வீண் முயற்சியிலிருந்து தப்பி, பெரிய காரியங்களில் விரைவாக ஈடுபடலாம், இது பெருநன்மை. ஆனால் பற்றரி தளர்ந்தால் ஏன் குறைவாகத் திரும்புகின்றது, தரை மாறினால் ஏன் நடை மாறுகின்றது என்று அண்ணனுடன் மல்லுக்கட்டிய பிள்ளை, அளவு என்பது என்ன, அளவு ஏன் தவறுகின்றது என்பதை ஐயந்திரிபறக் கற்றது. பப்பேர்ட் விரும்பிய கல்வி அதுவே. பழைய பெட்டி அலுமாரியில் இருக்குமாயின் அதனை எறிந்துவிடாமல், முதலில் அதனோடு சில மாதம் போராட விடுவது பிள்ளைக்கு நல்லது. புதியதன் அருமையும் அதன்பின்னரே அதற்குப் புலப்படும்.

ரொபோ சுவரில் முட்டி நிற்கும்போது, "தா, நான் சரிசெய்கிறேன்" என்று தந்தை கை நீட்டுவது இயல்பு. அக்கணத்திற் சற்றுப் பொறுத்திருந்து, "ஏன் முட்டியது என்று நினைக்கின்றாய்?" என்று கேட்பாராயின், 200 டொலர்ப் பெட்டியாயினும் 250 டொலர்ப் பெட்டியாயினும் கொடுத்த காசு வீண்போகாது. பெற்றோர் இதனை மனங்கொள்வார்களாக.