எவ்வளவு என்று சொல்லாத எச்சரிக்கை

மென்பொருள் திரையில் வரும் இரண்டு வரிக்கு ஒரு பதிவா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன்.

2020 ஆகஸ்ட் 11. ரெவ்லான் நிறுவனம் வாங்கியிருந்த கடனுக்கு சிட்டிபேங்க்தான் ஏஜென்ட். கடன் கொடுத்தவர்களுக்கு அன்று போக வேண்டியது சுமார் 78 லட்சம் டாலர் வட்டி. போனதோ அசலும் சேர்த்து, ஏறத்தாழ 90 கோடி டாலர்! அசலாகப் போனது அத்தனையும் வங்கியின் சொந்தப் பணம்.

எப்படி? ஃப்ளெக்ஸ்கியூப் என்ற மென்பொருளில் அந்த வட்டியை அனுப்ப, அசலும் கட்டப்படுவதாகக் காட்டி, அசலை மட்டும் வங்கியின் உள்கணக்கு ஒன்றுக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்கு 'பிரின்சிபல்', 'ஃப்ரண்ட்', 'ஃபண்ட்' என்ற மூன்று கட்டங்களையும் குறிக்க வேண்டும். அசல்தானே, 'பிரின்சிபல்' போதும் என்று நினைத்து மற்ற இரண்டையும் விட்டுவிட்டார்கள். பெயரைப் படித்தால் யாருக்கும் அப்படித்தானே தோன்றும்?

திரை எச்சரிக்காமல் இல்லை. பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா என்று கேட்டது. எவ்வளவு பணம் என்று மட்டும் சொல்லவில்லை! வட்டி எப்படியும் வெளியே போக வேண்டியதுதான். 'ஆம்' சொல்லாமல் வேறென்ன செய்வார்கள்?

ஒருவர் பதிந்ததை இன்னொருவர் சரிபார்த்தால் தவறு பிடிபடும் என்று ஆடிட்டிங்கில் படிக்கிறோம். இங்கே மூன்று பேர் பார்த்தார்கள். திரையே புரியாதபோது முப்பது பேர் பார்த்தாலும் இதே கதைதான். சுமார் 50 கோடி டாலரை வாங்கியவர்கள் திருப்பித் தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் சிட்டி வழக்கில் தோற்றது. 2022 செப்டம்பரில், மேல்முறையீட்டில்தான் ஜெயித்தது.

தமிழில் வரும் செயலிகளும் லேசுப்பட்டவை இல்லை. 'ஆர்டரை ரத்து செய்யவா?' என்று கேட்டுவிட்டு, கீழே 'ரத்து', 'சரி' என்று இரண்டு பட்டன் வைத்தால் எதை அழுத்துவது? 'ரத்து' என்றால் ஆர்டர் ரத்தா, ரத்து செய்வதே ரத்தா? 'ஆர்டரை ரத்து செய்', 'ஆர்டர் இருக்கட்டும்' என்று எழுதினால் குழப்பமே இல்லை. எழுத்து கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், பணம் புழங்கும் எந்தத் திரையும் 'ஆம்' கேட்கும் முன் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். எவ்வளவு, யாருக்கு, அனுப்பினால் திரும்ப வாங்க முடியுமா? இவற்றைச் சொல்லாத திரையை வைத்துக்கொண்டு, தப்பு நடந்ததும் பட்டனை அழுத்தியவரைத் திட்டுவது நியாயமே இல்லை.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?