மறுப்புக்கு 90 நாள்தான் ஆயுளா?

வணிகச் செய்திகளுக்குத் தந்த இசைவை வாடிக்கையாளர் ஒருவர் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகும், 90 நாள் கழிந்தால் அதே நிறுவனம் அவரிடம் மீண்டும் இசைவு கேட்கலாம் என்று 2025 பிப்ரவரி 12 அன்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட வணிகச் செய்தி ஒழுங்குவிதித் திருத்தம் இடமளித்திருக்கிறது. அத்திருத்தத்தில் நல்லவை இல்லாமல் இல்லை: விளம்பரச் செய்தி ஒவ்வொன்றிலும் விலகும் வழி இருக்க வேண்டும் என்பதும், புகார் தர 3 நாளுக்குப் பதில் 7 நாள் கிடைப்பதும், அனுப்புநர் பெயரின் இறுதியில் விளம்பரத்துக்கு ‘பி’, அரசுச் செய்திக்கு ‘ஜி’ என அடையாள எழுத்து சேர்வதும் பயன் தருபவையே. ஆயினும் 90 நாள் பிரிவு ஒன்றே அப்பயன்களின் பெரும்பகுதியைக் கரைத்துவிடுகிறது.

இன்றைய விளம்பரக் குறுஞ்செய்திகளை மனிதர் எவரும் உட்கார்ந்து அனுப்புவதில்லை. ஒருவர் விலை விசாரித்தாலோ, பொருள் வாங்கினாலோ, கடன் தவணையைக் கட்டி முடித்தாலோ அதையே தொடக்க நிபந்தனையாகக் கொண்டு மென்பொருள் செய்திகளை வரிசையாக அனுப்பத் தொடங்குகிறது. அவர் விலகிக்கொண்டால் அவ்வெண்ணைத் தடைப்பட்டியலில், அதாவது இனி அனுப்பக் கூடாத எண்களின் தொகுப்பில் சேர்த்து நிறுத்துகிறது. அந்தப் பட்டியலில் ஓர் எண்ணை நிரந்தரமாக வைத்திருப்பது தொழில்நுட்பத்துக்கு அரிய செயலன்று. விதியே 90 நாள் என்று எல்லை வகுத்துவிட்டபோதோ, மென்பொருள் அந்த எல்லையைத் தடையாகக் கொள்ளாது. அடுத்த செய்திக்கான தேதியாகவே கொள்ளும். கடைக்காரர் மறந்துவிடலாம், கூச்சப்பட்டு விட்டுவிடலாம். 91ஆம் நாளை மென்பொருள் தவறவிடாது. விடாது கேட்பதற்கு இவ்வாறு சட்டமே கால அட்டவணை வகுத்துத் தந்துவிட்டது.

இதன் சுமை எங்கே விழும் என்பதற்கு ஆந்திரத்தின் சித்தூர்–கர்நூல் நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதிச் சாலை பிரியும் புத்தலப்பட்டைப் பார்த்தால் போதும். நகைக்கடன் நிறுவனம், டிராக்டர் விற்பனையாளர், சொட்டுநீர்ப் பாசனக் கருவி விற்பவர், திருப்பதித் துணிக்கடை, காப்பீட்டு முகவர் எனச் சுற்றுவட்டாரக் குடியானவர் ஒருவரின் எண் இருபது இடங்களில் இருப்பது இயல்பு. இருபது பேரிடமும் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும், ஆண்டுக்கு நான்கு முறை வீதம் எண்பது இசைவுக் கோரிக்கைகள் அவர் கைப்பேசிக்கு வர இந்த விதி வழி விடுகிறது. 2025 பருவத்தில் தோத்தாபுரி மாங்காய் விலை சரிந்து, கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் மாநில அரசு 4 ரூபாயுமாக 12 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டபோது, அந்த 4 ரூபாய் கணக்கில் ஏறியதைச் சொல்லும் வங்கிச் செய்திக்காகக் காத்திருந்த விவசாயிகளின் மாவட்டம் இது. பிழைப்புக்கு வேண்டிய செய்தி வேண்டாத செய்திகளுக்கு அடியில் புதைவதை வெறும் எரிச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது. மேலும், வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவருக்கு விலகும் வழி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. அறிமுகமற்ற இணைப்பைத் தொடாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் எச்சரிக்கும் காலத்தில், விலகுவதற்கும் ஓர் இணைப்பையே தொடச் சொன்னால் அவர் எதை நம்புவார்?

நடந்துகொண்டிருக்கும் பரிவர்த்தனை ஒன்றை முடிப்பதற்காகத் தரப்படும் இசைவு 7 நாளுக்கு மட்டுமே செல்லும் என்று இதே திருத்தம் சொல்கிறது. அது சரியே, ஏனெனில் இசைவு ஒரு காரியத்துக்காகத் தரப்படுவது, காரியம் முடிந்ததும் அதுவும் முடிகிறது. மறுப்பு அப்படிப்பட்டதன்று, அதைச் சொன்னவரே மனம் மாறி, எந்நாளும் தாமாகச் சென்று மாற்றிக்கொள்ள வழி இருக்கும்போது, காலக்கெடு வைத்து அவரைத் தட்டிக் கேட்க வேண்டிய தேவை நிறுவனத்தின் இலாபத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. அமெரிக்காவில் அழைக்க வேண்டாதோர் பதிவேட்டில் பதிந்த எண் 5 ஆண்டில் காலாவதியாகும் என்றுதான் முதலில் வைத்திருந்தார்கள். அதுகூடப் பொறுக்க முடியாத தொல்லை என்று கண்டு, 2008இல் சட்டம் இயற்றிப் பதிவை நிரந்தரமாக்கினார்கள். அங்கே 5 ஆண்டே குறைவு என்று கருதப்பட்டது. இங்கே 90 நாள் போதும் என்று எந்த ஆதாரத்தில் முடிவு செய்தார்கள்?

முடிவு செய்த ஆணையத்தின் கடந்தகாலத்தைப் பார்த்தால் வியப்பு எழவில்லை. இங்கே 2007இல் வந்த அழைக்க வேண்டாதோர் பதிவேடு, பதியாதவரெல்லாம் இசைந்தவர் என்று கொண்டது. அதன் இடத்தில் 2010 டிசம்பரில் வந்த விதிகள், பலமுறை தள்ளிப்போடப்பட்டு 2011 செப்டம்பர் 27 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. வந்தவுடன், விளம்பரத்தோடு தொடர்பில்லாத சாதாரண மனிதரும் நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பக் கூடாது என்று தடுத்தன. பிறகு அது 200 ஆயிற்று. 2012 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வரம்பையே நீக்கியது. அடுத்து வந்த 2018 விதிகளின் கீழ், முன்பதிவு பெற்ற செய்தி வடிவங்களோடு ஒப்பிட்டுப் பொருந்தாதவற்றை வடிகட்டும் முறையை 2021 மார்ச் 8 அன்று இயக்கியபோது, விளம்பரங்களோடு வங்கிகளின் ஒருமுறைக் கடவுச்சொற்களும் நின்றுபோயின; மறுநாளே ஒரு வாரத்துக்கு அம்முறையை நிறுத்திவைக்க நேர்ந்தது. இசைவுகளை மின்னணு முறையில் ஓரிடத்தில் பதிந்து, வேண்டாதபோது அங்கேயே திரும்பப் பெறும் வசதியை இரண்டு மாதத்தில் அமைக்குமாறு 2023 ஜூன் 2 அன்று ஆணையிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 2025 ஜூனில், அது சில வங்கிகளோடு முன்னோட்டமாகத் தொடங்கும் நிலையில்தான் இருந்தது. விலகியதைப் பதியும் ஏடே முழுமையாக அமையாத நாட்டில், விலகியவரிடம் திரும்பக் கேட்கும் நாள் மட்டும் முன்கூட்டியே குறிக்கப்பட்டது எவ்வகை முன்னுரிமை? ஒவ்வொரு முறையும் அனுப்புவோரின் வசதி முதலில் காக்கப்படுகிறது, பெறுவோருக்குப் பொறுமை போதிக்கப்படுகிறது. இனியும் இதை ஏற்க முடியாது.

இசைவு தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் இயல வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரவிருக்கின்றன. திரும்பப் பெற்ற இசைவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் கேட்கலாம் என்னும் பிரிவு அச்சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானது. விதி வகுத்தவர்கள் அந்தக் கெடுவுக்கு முன்பே இப்பிரிவை மறுபரிசீலனைக்கு எடுத்து, வேண்டாம் என்றவரின் சொல்லுக்கு உரிய மதிப்பைத் தரும் வகையில் திருத்த வேண்டும். அப்போதாவது, நெடுஞ்சாலையோரச் சிற்றூர்களில் தமிழிலும் தெலுங்கிலும் வாழும் மக்களின் கருத்தைக் கேட்டபின் அதை எழுத வேண்டும்.