பதினைந்தாம் மாடியில் ஒரு தெரு

சீனாவின் சோங்சிங் நகரில் பைஷியாங்ஜு என்றொரு குடியிருப்பு இருக்கிறது. 24 மாடி, மின்தூக்கி கிடையாது. மலைச்சரிவில் சாய்ந்தபடி கட்டியதால் அதற்குப் பல வாசல்கள். கீழ்த் தெருவிலிருந்து முதல் மாடிக்குள் நுழையலாம். மேலே வேறொரு தெருவிலிருந்து நேராகப் பத்தாம் மாடிக்குள் நுழையலாம். பதினைந்தாம் மாடிக்கும் தனியாக ஒரு தெருவாசல் உண்டு. கடந்த டிசம்பர் விடுமுறையில் நான் அங்கே போனபோது கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி இருபது பேராவது நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே காய்கறிப் பையோடு ஒரு மூதாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தார். ஒதுங்கி வழிவிட்டேன். ஒரு நிமிடத்துக்கு முன்புவரை நானும் அந்தப் படிக்கட்டைத்தான் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

2024 பிப்ரவரி 9 முதல் சிங்கப்பூரர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை சீனாவில் தங்கலாம். நான் வசிக்கும் பிடோக்கிலிருந்து சாங்கி விமான நிலையம் கூப்பிடு தூரம். அங்கிருந்து சோங்சிங்குக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அதனால் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் விடுமுறைப் பேச்சில் பேங்காக்கும் பாலியும் இருந்த இடத்தில் இப்போது சோங்சிங்கும் செங்டுவும் வந்துவிட்டன. போய் வந்தவர்கள் காட்டும் படங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. லிசிபாவில் குடியிருப்புக் கட்டடத்தின் வயிற்றுக்குள் புகும் ரயில், இரவில் பொன்னாக எரியும் ஹோங்யாதோங், ஆற்றின் இரு கரையிலும் விளக்குக் காடு. கூடவே ஒரு பெருமூச்சும் வரும்: “அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள், நாம்தான் பின்தங்கிவிட்டோம்.” அந்தப் பெருமூச்சு தவறான அளவுகோலிலிருந்து வருகிறது என்பது என் கருத்து.

முதலில் ‘3 கோடிப் பேர் வாழும் உலகின் ஆகப் பெரிய நகரம்’ என்ற பேச்சு. சோங்சிங் 1997இல் சிச்சுவான் மாநிலத்திலிருந்து பிரிந்து மத்திய அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்த பகுதி. அதன் பரப்பு சுமார் 82,400 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். மலைக் கிராமங்களும் வயல்வெளிகளும் அந்த 3 கோடிக்குள் அடக்கம். நாம் பார்ப்பது யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடும் முனையைச் சுற்றிய ஒரு துண்டு. அந்த முனையில் நிற்கும் ராஃபிள்ஸ் சிட்டியே சிங்கப்பூரின் கேப்பிட்டாலேண்ட் 2019இல் திறந்ததுதான். மரினா பே சேண்ட்சை வடிவமைத்த மோஷே சாஃப்டியின் கைவண்ணம். கோபுரங்களின் தலைமேல் 250 மீட்டர் உயரத்தில் 300 மீட்டர் நீளக் கண்ணாடிக் கூடம் படுத்திருக்கிறது. பைஷியாங்ஜுவுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

சோங்சிங்கின் உண்மையான சாதனை விளக்குகளுக்குக் கீழே இருக்கிறது. மலை இடம் விடாததால் லிசிபாவில் கட்டடத்தையும் நிலையத்தையும் சேர்த்தே திட்டமிட்டார்கள். ஆறாம் மாடியிலிருந்து எட்டாம் மாடிவரை நிலையம். ரயிலின் அதிர்வு வீடுகளுக்குப் போகாதபடி அதற்குத் தனித் தூண்கள். 1996இல் திறந்த ‘மகுட’ மின்படி 112 மீட்டர் நீளம். ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு இறங்கியவர்களை இரண்டு யுவானுக்கு மேல்நகரத்தில் கொண்டுபோய் விட்டது. மூங்கில் கழியில் சுமை தொங்கவிட்டுப் படியேறும் ‘பாங்பாங்’ கூலிகள் இன்னமும் சிலர் இருக்கிறார்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தத் தோள்களைப் பார்த்ததும் நமக்கு ஏதோ நினைவுக்கு வர வேண்டும்.

1987இல் வந்த யாங்சி கம்பிவட ஊர்தி அன்றாடம் ஆற்றைக் கடப்பவர்களுக்காக ஏற்பட்டது. இப்போது அங்கே சுற்றுலா வரிசை வளைந்து வளைந்து நிற்கிறது. அந்த வரிசையில் நானும் நின்றேன்.

பிடோக்கிலும் ஒரு காலத்தில் குன்றுகள் இருந்தன. 1960களின் நடுவில் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்புக்காக அவற்றை வெட்டி மண்ணைக் கடலில் கொட்டினோம். படிக்கட்டுகளிலிருந்து அப்படித் தப்பினோம் என்று நினைத்தால் அவை வீட்டுக்குள் வந்தன. பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் அப்போது மின்தூக்கி எல்லாத் தளத்திலும் நிற்காது. எங்களுடையது ஒன்று, ஐந்து, ஒன்பதில் நிற்கும். வீடு ஏழாம் மாடியில். ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறுவதா, ஒன்பதுவரை போய் இரண்டு மாடி இறங்குவதா என்று அம்மா தினமும் தன் முழங்காலைக் கேட்டுத்தான் முடிவு செய்வார். இறங்குவதுதான் அதிகம் வலிக்கும் என்பார். மழைக்காலத்தில் சந்தைக்குப் போவதையே நிறுத்திவிடுவார். 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. புளோக் புளோக்காகக் குடியிருப்பாளர்கள் வாக்களித்தார்கள். எங்கள் முறையும் வந்தது. ஏழாம் மாடியில் கதவு முதன்முதலாகத் திறந்த அன்று அம்மா காரணமே இல்லாமல் மூன்று முறை கீழே போய் வந்தார்.

எந்தச் சுற்றுலாப் பயணியும் படமெடுக்காத கதவு அது. ஒரு நகரம் முன்னேறியதா என்று நான் பார்க்கும் இடமும் அதுதான். சிங்கப்பூரில் அதைச் செய்து முடிக்கப் பல ஆண்டு உழைப்பும் பெரும் பணமும் தேவைப்பட்டன. அந்த நினைவை வைத்துக்கொண்டு சோங்சிங்கைப் பார்த்தால் பொறாமைக்குப் பதில் அக்கறை வரும். பைஷியாங்ஜுவின் மூதாட்டிக்கு மின்தூக்கி எப்போது வரும் என்று கேட்கத் தோன்றும்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அலுவலகம் விடும் நேரத்தில் மெட்ரோவில் ஏறுங்கள், அந்த இரண்டு யுவான் மின்படியில் நில்லுங்கள், சந்தைப் பக்கம் நடங்கள். பிறர் வீட்டுப் படிக்கட்டை மட்டும் விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் நம் தேக்காவில் பூக்கட்டுபவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுபவர்களைப் பார்த்து நாம் முகம் சுளிப்பதில்லையா?

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். ரயிலை ரசித்தார், ஆற்றங்கரை விளக்குகளைச் சட்டென்று தள்ளிவிட்டார். பைஷியாங்ஜு படத்தின் ஓரத்தில் காய்கறிப் பையும் சுவரைப் பிடித்த கையும் விழுந்திருந்தன. அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இந்தம்மாவுக்கு எத்தனையாவது மாடி?” என்றார். அதைக் கேட்கும் அளவுக்கு எனக்கு மாண்டரின் தெரியும். கேட்கத்தான் தோன்றவில்லை.