மோர்ஓவர் போட்டால் மார்க் ஏறுமா?

ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் பைக்குள் ஒரு ஜெராக்ஸ் தாள் இருக்கும். மோர்ஓவர், ஃபர்தர்மோர், ஆன் தி அதர் ஹேண்ட் என்று நாற்பது ஐம்பது இணைப்புச் சொற்கள். பத்திக்கு நாலு போட்டால் மார்க் தானாக ஏறும் என்பது கோச்சிங் வகுப்புகளின் வேதவாக்கு.

தேர்வு நடத்துகிறவர்கள் வெளியிட்டிருக்கும் அளவுகோலையே பார்த்துவிடலாம். கட்டுரை கோவையாக இருப்பதற்கு நான்கில் ஒரு பங்கு மார்க் உண்டு, வாஸ்தவம். ஆனால் இணைப்புச் சொற்களை அள்ளித் தெளிப்பது அதில் 5ஆம் பேண்டின் லட்சணமாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. உச்சமான 9ஆம் பேண்டில் இணைப்பு இருப்பது மிக அபூர்வமாகத்தான் கண்ணில் படும்.

அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் வாக்கியங்கள் உதிர்ந்துவிடும் என்கிறார்கள். மொழியியலாளர்கள் ஹாலிடேயும் ஹசனும் 1976இல் எழுதிய புத்தகம் ஆங்கில வாக்கியங்களை ஒட்டவைக்கும் வழிகளை ஐந்தாகப் பிரிக்கிறது. இணைப்புச் சொல் அதில் ஒன்று, அவ்வளவுதான். 'திஸ்', 'தே' போன்ற சுட்டுகளும், சொன்ன சொல்லையே திரும்பச் சொல்வதும் சத்தமில்லாமல் அதே வேலையைச் செய்கின்றன.

ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாம் என்பதுதான் இருப்பதிலேயே மோசம். 'சென்னையில் சம்பளம் அதிகம். ஆன் தி கான்ட்ரரி, வாடகையும் அதிகம்' என்று எழுதுகிறார்கள். வாடகை கூடினால் சம்பளம் பொய்யாகிவிடுமா? இரண்டும் உண்மை, இங்கே வரவேண்டியது ஆன் தி அதர் ஹேண்ட். 'சென்னையில் வாழ்வது மலிவல்ல' என்று தொடங்கி, 'ஆன் தி கான்ட்ரரி, சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது' என்றால் சரி. மலிவு என்ற எண்ணத்தை மறுக்கத்தானே அந்தச் சொல்? மோர்ஓவரும் இப்படித்தான். சொன்ன கட்சிக்கே வலு சேர்க்கும். 'பஸ்ஸில் நெரிசல். மோர்ஓவர், டிக்கெட் மலிவு' என்றால் எழுதியவர் பஸ்ஸைத் திட்டுகிறாரா, புகழ்கிறாரா?

'பட்', 'அண்ட்' என்று வாக்கியம் தொடங்கக் கூடாதாம். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் அதிகாரத்தைப் புரட்டினால் போதும்: வசனத்துக்கு வசனம் 'அண்ட்'. அளவோடு வந்தால் 'பட்' தவறே இல்லை. 'பட்' போதுமான இடத்தில் 'ஹவ்எவர்' நுழைந்தால் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பால் வாங்கப் போவதுபோல் இருக்கும்.

இதெல்லாம் கட்டுரைக்கு; கடிதம் வேறு கதை. வார்ப்புத் தொடர்களுக்கு அங்கேதான் இடம். பதிலை எதிர்பார்ப்பதாகச் சொல்லி முடிக்க 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்பதை மனப்பாடமே செய்துகொள்ளலாம். அதிலும் பலர் 'டு ஹியர்' என்று எழுதிவிட்டு வருகிறார்கள்.