உரிமம் வேறு, அறிவு வேறு

பெரம்பலூருக்கு வடக்கே பெருஞ்சாலையோரம் நிற்கும் இரஞ்சன்குடிக் கோட்டை, 1751-இல் பிரெஞ்சியர்க்கும் ஆங்கிலேயர்க்கும் போர்க்களமாயிற்று. மண் நம்முடையது, வழக்கும் வெடியும் அயலாருடையவை. இற்றைக்கு அந் நிலை மாறிவிட்டதென்பர். அண்மையிலுள்ள திருச்சியில் 1966 முதல் துமுக்கி (துப்பாக்கி) ஆலை இயங்குகின்றது. 2018-இல் அறிவிக்கப்பெற்ற படைக்கலத் தொழிற்பெருவழியின் ஐந்து முனைகளுள் திருச்சியும் ஒன்று. பெரம்பலூர், அரியலூர் இளைஞர் அதனை நம்பியிருத்தல் இயல்பே. ஆயின், அவர்க்கு அங்குக் கிட்டப்போவது திருகாணி முடுக்கும் வேலையா, படைக்கலம் படைக்கும் அறிவா?

உக்கிரைன் நாட்டைப் பார்க்க. 1991-இல் சோவியத்து ஒன்றியம் உடைந்தபோது, கார்க்கிவ் நகரின் மாலிசேவு ஆலை உருசிய உறுப்புகளை எதிர்பார்த்து நின்ற ஆலை. 1996-இல் பாக்கித்தான் அதனிடம் 320 போர்வண்டிகள் (டாங்கிகள்) கேட்டது. உருசியா பீரங்கிக் குழல் முதலியவற்றைத் தர மறுத்தது. கார்க்கிவ் மாந்தர் கைகட்டி நிற்கவில்லை, தாமே வடித்தனர், 1999-க்குள் 320-ஐயும் கொடுத்து முடித்தனர். வாங்கியவர் யார் என்பது நமக்கு உவப்பாக இல்லாதிருக்கலாம்; செய்தவர் திறத்தை மறைத்தல் ஆகாது. வரையும் கையும் வார்க்கும் கையும் அங்கு ஓரூரில் இருந்தன. பேர்பெற்ற 'டி-34' பிறந்ததும் அவ்வூரிலேயே.

ஆவடிக்கு வருவோம். 1965-இல் அங்கு வெளிவந்த முதல் போர்வண்டி ஆங்கிலேயர் வடிவமைத்தது. அடுத்தது சோவியத்து உரிமத்தில் 'டி-72'. அதன்பின் உருசிய உரிமத்தில் 'டி-90'. ஒப்பந்தம் 2001-இல், ஆவடியில் செய்த முதல் வண்டிகள் வெளிவந்ததோ 2009-இல். உரிமத்தாளை விற்றவன் நுட்பத்தை முழுதும் விற்பானா? விற்கமாட்டான், எவனும் விற்றதில்லை.

ஆவடியிலும் வடிவமைப்பகம் உண்டு. 1974-இல் இசைவுபெற்ற அருச்சுனன் வண்டி அங்கு வரையப்பட்டதே. உந்துபொறி செருமனியது எனினும் உடல் நம் பொறிஞர் கைவண்ணம். அதற்கு முதலில் கிடைத்த ஆணை 124. 2021-இல் மேலும் 118. உருசிய வண்டிக்கோ நூறுநூறாக ஆணைகள். தன் பிள்ளைக்குக் கூழும் ஊரார் பிள்ளைக்குப் பாற்சோறும் என்பது இதுதான்.

பெயர்களையும் நோக்குக: விசயந்தா, அசேயா, பீசுமா, அருச்சுனன். தமிழ் மண்ணில் வார்த்த இந் நான்கனுள் ஒன்றற்கேனும் தமிழ்ப்பெயர் இல்லை. பெயரிடும் உரிமையும் இல்லாதவனுக்கு வடிவமைக்கும் உரிமை தானாக வந்துவிடாது, கேட்டே பெறவேண்டும்.

ஆகலின், திருச்சி முனைக்கு நிலம் எத்துணை, முதலீடு எத்துணை என்னும் கணக்கோடு நில்லாது, வேறு இரண்டு வினாக்களுக்கு நடுவணரசும் தமிழக அரசும் விடை கூறட்டும். அம் முனையில் வடிவமைப்பகம் ஒன்று அமையுமா? பெரம்பலூர், அரியலூர்த் தொழிற்பயிற்சி நிலையங்களில் மாழையியலும் பொறிவரைவும் தமிழில், தமிழ்ப் பாடநூல் கொண்டு கற்பிக்கப்படுமா?